விழப்போகும் பல்லுக்கு எதற்கு கிரவுன்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குழந்தைகளின் பல் பராமரிப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, பால் பல்லுக்கு கிரவுன், அதாவது பல்லை மூடும் உறை, போடுவது வீண் செலவு என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டது. குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. கட்டுரையின் மற்ற அறிவுரைகளை மறந்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும் பெற்றோர் நிறையப் பேர்.

எந்தப் பால் பல் என்று முதலில் கேட்க வேண்டாமா? முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்கும். கடைவாய்ப் பால் பற்கள் விழுவதோ பெரும்பாலும் 9 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில்தான். நான்கு வயதில் சொத்தையான கடைவாய்ப் பல் இன்னும் பல ஆண்டுகள் உணவை மென்றாக வேண்டும்; அடியில் வளரும் பல்லுக்கு இடமும் பிடித்து வைக்க வேண்டும். முன்கூட்டியே பிடுங்கிவிட்டால், ஆறு வயதையொட்டி முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளக்கூடும். பிறகு பல் கோணலாக முளைக்கிறதே என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

சொத்தையை அடைத்தால் போதாதா என்பார்கள். சிறிய சொத்தைக்குப் போதும். ஆனால் பால் பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லின் எனாமலைவிட மெல்லியது, ஏறக்குறைய பாதித் தடிமன்தான். உள்ளே நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழும் மேற்பரப்புக்கு மிக அருகில் இருக்கிறது. இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒட்டி நிற்கும் பக்கத்தில் சொத்தை விழுந்தால், எஞ்சிய சுவர் அடைப்பைத் தாங்குவதில்லை. அடைப்பு பெயர்ந்து, மறுபடி அடைத்து, அது மறுபடி பெயர்ந்து, கடைசியில் வலியோடு வருகிறார்கள். பல் முழுவதையும் மூடும் கிரவுனுக்கு இந்தச் சிக்கல் குறைவு. நரம்பு சிகிச்சை செய்த கடைவாய்ப் பால் பல்லுக்கு அது பெரும்பாலும் அவசியமும்கூட.

துருப்பிடிக்காத எஃகு கிரவுன்கள் 1950 முதல் புழக்கத்தில் உள்ளன. இதில் ஹால் முறை என்று ஒன்று உண்டு. ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நோர்னா ஹால் கையாண்டு வந்த முறை இது. 2007இல் ஆய்வு முடிவுகள் வெளியானபின் உலகின் கவனத்துக்கு வந்தது. ஊசி இல்லை, துளையிடும் கருவி இல்லை. தேவைப்பட்டால் சில நாள் முன்பே பற்களுக்கிடையே சிறு ரப்பர் வளையம் வைத்து இடைவெளி உண்டாக்கி, பிறகு சிமென்ட் நிரப்பிய கிரவுனைப் பல்மேல் அழுத்திப் பொருத்திவிடுகிறோம். சொத்தையைச் சுரண்டாமலா என்று பெற்றோர் திகைக்கிறார்கள். சர்க்கரை கிடைக்காமல் உள்ளே அடைபட்ட கிருமிகள் செயலிழந்துவிடும். கடிக்கும்போது சற்று உயர்ந்தாற்போல் தோன்றுவதும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் இரவில் வலித்து எழுப்பும் பல்லுக்கும் சீழ் கட்டிய பல்லுக்கும் இந்த முறை உதவாது.

பெற்றோரின் பெரிய தயக்கம் வெள்ளி நிறம்தான். குழந்தைகளோ அதைக் கிரீடம் போலக் காட்டிக்கொண்டு திரிகிறார்கள்! சிர்க்கோனியா என்ற பீங்கான் வகையில், பல் நிறத்திலான கிரவுனும் உண்டு. ஆனால் அதற்குப் பல்லைக் கூடுதலாகச் செதுக்க வேண்டும், விலையும் அதிகம். முன்பல்லுக்கு அழகு பார்ப்பது நியாயம். வாய்க்குள் ஒளிந்திருக்கும் கடைவாய்ப் பல்லுக்கு எதற்கு என்பது என் கேள்வி.

கட்டுரையாளரின் சந்தேகத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆடத் தொடங்கிவிட்ட பல்லுக்கும் கிரவுன் போடச் சொன்னால் பெற்றோர் தாராளமாக மறுக்கலாம். இந்தப் பல் இன்னும் எவ்வளவு காலம் இருக்க வேண்டும், சொத்தை பற்கூழ் வரை போய்விட்டதா, எக்ஸ்ரே என்ன காட்டுகிறது, ஊசியில்லாமல் செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அடுத்த இதழில் இந்தக் கேள்விகளையாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைப் பல் மருத்துவர் ஒருவர்