பட்டியலை மூடி வை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

வெளிநாட்டு மேற்படிப்புக்காக நீ எழுதப் போகிற ஜிஆர்இ தேர்வின் ஆங்கில வார்த்தைப் பட்டியலில் 'ஏ' முடிந்து 'பி'க்கு வந்துவிட்டேன் என்று போனில் பெருமையாகச் சொன்னாய். எனக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. அபேட், அபெரண்ட், அப்ஜூர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பதற்கு முதல் எழுத்தைத் தவிர வேறு காரணமே கிடையாது. கல்யாண வீட்டில் யார் யாருக்கு என்ன முறை என்று தெரிந்தால்தானே முகம் மனதில் நிற்கும்? 1852இல் ரோஜே என்ற லண்டன் டாக்டர் தன் தெசாரஸை, அதாவது ஒத்த பொருள் சொற்களின் தொகுப்பை, வெளியிட்டபோது, அகரவரிசையை விட்டுவிட்டுப் பொருள்வாரியாகத்தான் சொற்களை அடுக்கினார். நம் பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டும் தெய்வப் பெயர், மக்கட் பெயர் என்று தொகுதி தொகுதியாகத்தான் போகிறது.

பேச்சை எடுத்துக்கொள். நிறையப் பேசுபவர் டாக்கடிவ். அதையே கொஞ்சம் கனமாகச் சொன்னால் லொக்வேஷியஸ். கேரலஸ் என்றால் ஒன்றுமில்லாததை நீட்டி முழக்குபவர். கேட்கிறவரின் சலிப்பும் அந்த வார்த்தைக்குள் இருக்கிறது. இனி எதிர்ப்பக்கம் போ. உன் அப்பா டாசிட்டர்ன், அதிகம் பேசாதவர், சுபாவமே அப்படி. உன் அத்தை ஊர்க்கதையெல்லாம் பேசுவார், சம்பளம் எவ்வளவு என்றால் மட்டும் வாய் திறக்க மாட்டார். அந்த விஷயத்தில் அவர் ரெட்டிசெண்ட். லக்கானிக் வேறு: பேசுவார், ஆனால் சுருக்கமாக முடித்துவிடுவார். பழைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டா இருந்த லக்கோனியா பகுதியின் பெயரிலிருந்து வந்த சொல். 'உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் தரைமட்டமாக்கிவிடுவேன்' என்று மாசிடோனிய மன்னன் பிலிப் மிரட்ட, 'நுழைந்தால்' என்று மட்டும் ஸ்பார்ட்டாக்காரர்கள் பதில் அனுப்பினார்களாம். வாட்ஸ்அப்பில் நீ எனக்குப் போடும் பதில்களும் அந்த ரகம்தான்.

நேரடி எதிர்ச்சொல் கேள்விகளை 2011லேயே அந்தத் தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் எதிர்ச்சொல் வேண்டாம் என்று நினைக்காதே. வாக்கியத்தின் நடுவில் ஒரு 'ஆனால்' வந்தால், கோடிட்ட இடத்துக்கு எதிர்ச்சொல்தான் கை கொடுக்கும். ஆறு சொல்லில் இரண்டைத் தேர வேண்டிய கேள்வியில் இன்னொரு வலை இருக்கிறது. ஒரே பொருளுள்ள ஜோடி கண்ணில் பட்டதும் அதைக் குத்திவிடத் தோன்றும். அந்த ஜோடி வாக்கியத்துக்கே பொருந்தாமல் இருக்கலாம். இரண்டில் ஒன்று தவறினாலும் மதிப்பெண் கிடையாது.

பொருள் ஒன்றாக இருந்தாலும் தொனி வேறாக இருக்கும், அதையும் சேர்த்தே குறித்து வை. பார்த்துப் பார்த்துச் செலவழிப்பவரை ஃப்ரூகல் என்றால் பாராட்டு, ஸ்டிஞ்சி என்றால் திட்டு. பார்சிமோனியஸ், அதாவது கஞ்சர், என்று ஒரு மனிதரைச் சொன்னால் வசைதான். ஆனால் நீ படிக்கப் போகிற புள்ளியியலில் பார்சிமோனியஸ் மாடல் என்றால், தேவையில்லாததைச் சேர்க்காத எளிய மாடல் என்று பாராட்டு! முன்னொட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. 'இன்' வந்தாலே எதிர்ப்பொருள் என்று நினைத்தால் இன்ஃப்ளேமபிள் ஏமாற்றிவிடும். ஃப்ளேமபிள் போலவே அதற்கும் எளிதில் தீப்பிடிப்பது என்றுதான் அர்த்தம்.

சரி, இந்த வாரம் கோபத்தை எடு. இரிட்டேட்டட் வெறும் எரிச்சல், இன்டிக்னன்ட் அநியாயத்தைப் பார்த்து வருவது, லிவிட் கொதித்துப்போவது. ஒவ்வொன்றுக்கும் நம் வீட்டு ஆட்களை வைத்து ஒரு வாக்கியம் எழுதி அனுப்பு. லிவிட்டுக்கு என்னைப் போடாதே.

அப்புறம், ராத்திரி கண் விழித்துப் படிக்காதே.

அம்மா