கோழிக்கு இரண்டு வரி போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், கழுத்தடியில் வீங்கி, இரை எடுக்காமல் ஒடுங்கிக் கிடக்கும் கோழிக்கு என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பதில் இரண்டே வரி. 'தலைகீழாகப் பிடித்து அழுத்தி வாந்தி எடுக்க வையுங்கள். அப்படியும் கேட்காவிட்டால் குழம்பு வைத்துவிடுங்கள், காசாவது மிஞ்சும்.' எதிர்ப்பக்கத்தில் நாட்டுக்கோழிச் சாறு செய்முறை, வண்ணப் படத்தோடு. பக்கம் அமைத்தவரின் சமயோசிதத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

தங்களுக்குத் தெரியாததில்லை, கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது. தலைகீழாகப் பிடித்துப் பிதுக்கினால், விழுங்கிய இரை முதலில் போய்ச் சேரும் தீனிப்பையில் புளித்துக் கிடக்கும் தண்ணீர் நேராக அங்கேதான் வரும். அந்த நேரம் பார்த்துக் கோழி மூச்சை இழுத்தால் முடிந்தது கதை. அந்த அம்மா உங்கள் பதிலை நம்பிச் செய்திருந்தால்? சரி, குழம்பு இருக்கவே இருக்கிறது. என்ன நோயென்றே தெரியாத கோழியைச் சமைத்துச் சாப்பிடச் சொல்லும் துணிச்சல் எனக்கு வராது.

நான் பிறந்த வீட்டிலும் கோழி, புகுந்த வீட்டிலும் கோழி. இப்போதும் கொல்லையில் சிறுவிடை நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. தீனிப்பையைப் பார்ப்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. சாயங்காலம் கூட்டில் அடையும்போது கழுத்தடியில் நெஞ்சின் வலப்பக்கம் புடைத்திருக்கும். அது வயிறார மேய்ந்ததற்கு அடையாளம். ராத்திரியில் இரை இறங்கிவிடும். விடிந்ததும் தீனி வைப்பதற்கு முன்னால் தொட்டால் பை வற்றியிருக்க வேண்டும். அப்போதும் பிசைந்த மாவு மாதிரியோ கெட்டியாகவோ இருந்தால் அடைப்பு. தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, கோழியை நிமிர்ந்தபடியே பிடித்து மெல்ல நீவிவிட்டால் சில சமயம் கரையும். மறுநாளும் இறங்கவில்லையென்றால் மருத்துவரிடம் போக வேண்டும். தொட்டால் தளதளவென்று ஆடி, வாயில் புளித்த வாடை அடித்தால் அது வேறு சங்கதி: கேண்டிடா என்கிற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. அதை நீவவே கூடாது. பூஞ்சைக்கான மருந்தை மருத்துவர்தான் தர வேண்டும். வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய் கண்ட கோழிக்கும் தீனிப்பையில் தண்ணீர் கட்டும். எச்சத்தையும் பார்க்காமல் 'அடைப்பு' என்று முடிவு கட்டக் கூடாது.

எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்துக் குப்பையைக் கிளறிவிட்டு வந்த என் வெடைக்கோழிக்கு அடைப்பு வந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், 'இது என்ன விலைம்மா போகும்? தையல் நூல் அதைவிட ஜாஸ்தி' என்றார் சீட்டு எழுதுகிறவர். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்தான், மரக்க ஊசி போட்டு, தோலையும் பையையும் சிறிதாகக் கீறி உள்ளே கிடந்ததை எடுத்தார். மாலை கட்டுகிற வாழைநார், பந்து பந்தாகச் சுருண்டு, துளசிக் காம்போடு. அடியில் உரச்சாக்குப் பிளாஸ்டிக் இழை. கழுவி, பையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைத்து, குழைந்த சோறு மட்டும் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். அந்தக் கோழி பிறகு அடை உட்கார்ந்து குஞ்சு பொரித்தது. உங்கள் கணக்குப்படி அது குழம்புக்குப் போயிருக்க வேண்டியது.

சொல்ல வந்ததோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் 'மொட்டைமாடியில் நாட்டுக்கோழி, மாதம் லட்சம்' என்று அட்டைப்படக் கட்டுரை போட்டீர்களே, அதில் கரடுமணலோ பொடிக்கல்லோ வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இருந்ததா? மண்ணைக் கிளறாத கோழிக்கு, இரையை அரைக்க அரைவைப்பையில் கல் எங்கிருந்து வரும்? மேலே தீனி தேங்காமல் என்ன செய்யும்? எதற்கெடுத்தாலும் ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தண்ணீரில் கலக்கச் சொன்னதும் இதே பகுதிதான். பூஞ்சைக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. பிப்ரவரியில் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடப்பதை, முகாம் முடிந்த பிறகு பெட்டிச் செய்தியாகப் போட்டீர்கள். அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தில் 'தங்கள் இதழை விரும்பிப் படிக்கிறேன்' என்ற முதல் வரி மட்டும் அச்சில் வந்தது. சந்தாவை ஏற்றிய அறிவிப்பு மட்டும் ஒரு நாளும் தாமதமானதில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டாம். அடுத்த இதழில் 'தலைகீழாகப் பிடிக்காதீர்கள்' என்று ஒரு திருத்தம், கண்ணில் படும் எழுத்தில் போடுங்கள். இடமில்லை என்று இந்தக் கடிதத்தையும் வெட்டுவதானால், தீனிப்பையைத் தொட்டுப் பார்க்கும் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மணப்பாறை.