செராக்ஸ் கடை அக்காவுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

நேற்று இரவு 11:40-க்கு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டின் கடைசிக் கட்டமான 8-4, அதாவது எட்டாம் உலகத்தின் நான்காவது கட்டம், ஓடி முடிந்தது. மாரியோ கோடரியைத் தொட்டான், பாலம் இடிந்தது, வில்லன் பவுசர் விழுந்தான், அடுத்த அறையில் இளவரசி நின்றிருந்தாள். ஃபிரேமுக்கு ஃபிரேம், அதாவது வினாடிக்கு 60 தடவை, எந்தப் பட்டன் என்று நான் எழுதி வைத்ததைக் கம்ப்யூட்டர் அப்படியே அழுத்தி ஆடும் ஆட்டம் இது. 1-1 தொடங்கி 32 கட்டமும் ஓர் இடத்தில்கூட டிசிங்க் ஆகாமல், எழுதியதும் ஆட்டமும் பிசகாமல், ஓடியது. இன்னும் கை நடுங்குகிறது. தூங்கி எழுந்து நிதானமாக எழுதலாம் என்று படுத்தேன், தூக்கம் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை என் ஹார்டு டிஸ்க் செத்து, எழுதி வைத்தது போனது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பதினான்கு மாத உழைப்பு போனது, இன்றைக்குத் திரும்பி வந்துவிட்டது. வந்த வழியைத்தான் எழுத வேண்டும்.

மதுரை பழங்காநத்தத்தில் நான் திருமங்கலம் பஸ் ஏறும் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன செராக்ஸ் கடை இருக்கிறது. அதை நடத்தும் அக்காவுக்கு என்னைத் தெரியும், பெயர் தெரியாது. ஆறு மாதத்துக்கு முன்னால் எட்டாவது உலகத்தின் நான்கு கட்டங்களையும் முடித்த கையோடு, அந்தப் பகுதியை மட்டும் தாளில் எடுக்கப் போனேன். கப்பலூருக்கு வேலைக்குப் போய்வரும் நேரத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து, எந்த இடத்தில் ஒரு ஃபிரேம் மிச்சம் பிடிக்கலாம் என்று சிவப்புப் பேனாவால் பார்க்கலாமே என்று ஆசை.

நாங்கள் மூவி ஃபைல் என்று சொல்வது வீடியோ அல்ல, வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு ஃபிரேமுக்கு ஒரு வரி, ஒரு வினாடிக்கு 60 வரி. எட்டுப் பட்டனுக்கு எட்டு இடம், அழுத்தாத பட்டனுக்குப் புள்ளி. மாரியோ வலது பக்கம் வேகமாக ஓடினால் ஓர் ஆர், ஐந்து புள்ளி, ஒரு பி, ஒரு புள்ளி. குதித்தால் அந்தக் கடைசிப் புள்ளி இருந்த இடத்தில் ஏ. அப்படிச் சுமார் 10,000 வரி. தாளுக்கு நான்கு பத்தியாக 200 வரி வைத்ததில் 50 தாள் வந்தது.

அக்கா முதல் தாளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, புள்ளிக் கோலமா?" என்று கேட்டார். மாரியோ விளையாட்டு என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. அவர் தம்பியிடம் சின்ன வயதில் டிவி கேம் இருந்ததாம். கேசட்டைக் கழற்றி ஊதி ஊதிப் போடுவார்களாம். பேசிக்கொண்டிருந்ததில் பாதிக்கு மேல் மங்கலாக வந்திருப்பதை இருவரும் கவனிக்கவில்லை. டோனர் தீர்ந்திருந்தது. புது டோனர் போட்டு ஐம்பதையும் மறுபடி எடுத்துக் கொடுத்தார். ஒரு தடவைக்குத்தான் காசு வாங்கினார். மங்கல் தாளைக் கிளிப் போட்டு மேஜைக்கு அடியில் தள்ளினார். அதோடு எனக்கு அது மறந்துபோயிற்று. நல்ல தாளில் திருத்த வேண்டியதைத் திருத்தி முடித்ததும், பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மூன்றாவது வாரம், ரேஷன் கார்டு நகல் எடுக்க அந்தக் கடைக்குப் போனேன். "ஏன் தம்பி, உடம்பு சரியில்லையா? முகமே செத்துப்போய்க் கிடக்கு" என்றார். யாரிடமும் சொல்லாதவன் அவரிடம் சொல்லிவிட்டேன். முதல் ஏழு உலகம் பழைய பிரதியிலிருந்து எப்படியாவது ஒட்டவைக்கலாம், எட்டாவது மட்டும் எங்கேயும் இல்லை என்றேன். அக்கா நகல் எடுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"அந்தப் புள்ளிக் கோலத் தாளா? அதை நான் தூக்கிப் போடலையே. பின்னாடி வெள்ளையா இருக்குன்னு கணக்கு எழுதுறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்றைக்குக் கடையைத் திறந்து, மேஜைக்கு அடியில் இருந்ததோடு மூன்று சாக்குப் பழைய தாளையும் கொட்டித் தேடியிருக்கிறார். அடியில் இருந்த பக்க எண்ணைப் பார்த்து வரிசையாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, திங்கள்கிழமை காலை நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது கையைத் தட்டிக் கூப்பிட்டார். 45 தாள் இருந்தது. நடுவிலிருந்து ஐந்து தாளை அவர் மகள் கணக்குப் போடக் கொத்தாக எடுத்திருக்கிறாள். அதில் நான்கு போயே போய்விட்டது. ஐந்தாவதைப் புதன்கிழமை அவள் கணக்கு நோட்டுக்குள்ளிருந்து கண்டுபிடித்துக் கொடுத்தார். காசு நீட்டினேன். "பழைய பேப்பருக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா? ஓடுச்சுன்னா ஒரு தடவை காட்டுங்க, அம்புட்டுத்தான்" என்றார்.

நான் அந்த இடத்தில் அழவில்லை. கப்பலூர் போய்ச் சேர்வதற்குள் அழுதேன்.

மங்கல் தாளில் புள்ளி எது, அழுக்கு எது என்று போன் கேமராவுக்குத் தெரியவில்லை. மனிதக் கண்தான் படிக்க வேண்டியிருந்தது. பதினொரு இரவு என் தங்கை வாசித்தாள், நான் அடித்தேன். "ஆர் பி நாற்பத்து மூன்று வரி, ஆர் பி ஏ பதினெட்டு வரி" என்று அவள் ராகம் போட்டுச் சொல்வது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. ஒரு நல்லது என்னவென்றால், இந்த வேலையில் தப்பு தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே ஒரு ஏ ஒரு வரி தள்ளிப் போனாலும், அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, நான்கு வினாடி கழித்து மாரியோ பள்ளத்தில் விழுவான். உடனே பின்னால் போய் அந்த வரியைத் தேடுவோம். கோலத்தில் ஒரு புள்ளியைத் தவறவிட்டால் இழை கடைசியில் வந்து சேராது இல்லையா, அதேதான்.

காணாமல் போன நான்கு தாள், 27 முதல் 30 வரை, 8-3-இன் நடுப்பகுதி. சுத்தியல் வீசும் இரட்டையர் நிற்கும் கட்டம் அது. 800 ஃபிரேம், 13 வினாடிக்குக் கொஞ்சம் மேல். அதை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. மாரியோ முழு வேகத்தில் ஃபிரேமுக்கு இரண்டரைப் பிக்சல் நகர்வான். வேகம் எங்கேயும் குறையாமல் போனால் 31-ஆம் தாளின் முதல் வரியில் அவன் பழைய இடத்திலேயே இருப்பான். சுத்தியல் எப்போது பறக்கும் என்பதும் சூதாட்டம் அல்ல. விளையாட்டு தனக்குள் வைத்திருக்கும் எண் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுகிறது, அதே ஃபிரேமில் அதே நிலையில் போய் நின்றால் அதேதான் நடக்கும். எந்த ஃபிரேமில் அடுத்த குதி என்பதை மட்டும் யாராவது சொல்ல வேண்டும். அதை அந்த 31-ஆம் தாள்தான் சொன்னது.

8-3-இன் கடைசியில் கொடிக்கம்பத்தில் இறங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சூப்பர் மாரியோ பிரதர்ஸில் அடுத்த கட்டத்துக்கு மாறுவது 21 ஃபிரேமுக்கு ஒரு தடவைதான் நடக்கும். இந்த விளையாட்டை வேகமாக முடிக்கப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைப் பஸ் என்று விளக்குவார்கள். முன்னால் வந்து நின்றாலும் பஸ் கிளம்பும்போதுதான் கிளம்ப முடியும், ஒரு ஃபிரேம் தாமதித்தால் அடுத்த பஸ், மூன்றில் ஒரு வினாடி போச்சு. அதே பஸ் கிடைத்தது. 8-4-க்கு அடித்து வைத்திருந்த வரிகள் ஒன்றுகூட மாற்றாமல் அப்படியே பொருந்தின.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஐந்தாம் உலகம் வரை பழைய மெயிலில் தேடி எடுத்து அனுப்பிய நண்பர், ஏழாம் உலகம் வரை பென் டிரைவில் வைத்திருந்த திண்டுக்கல் தம்பி, தன் லேப்டாப்பையே கொடுத்துவிட்டு ஒரு மாதம் போனில் படித்த கல்லூரிப் பிள்ளை, அடித்த வரிகளில் எழுத்து கூடியதா குறைந்ததா என்று பார்க்கச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதித் தந்தவர், மீனாட்சி பஜாரில் ஹார்டு டிஸ்க்கை நான்கு நாள் வைத்துப் பார்த்துவிட்டு "முடியலண்ணே" என்று சொல்லிக் காசு வாங்க மறுத்த பையன், ராத்திரி ஒரு மணிக்குக் காபி போட்டுத் தந்த அம்மா, "விட்டுடாதே" என்று மட்டும் தினமும் எழுதிய அத்தனை பேர். உங்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்காது.

சனிக்கிழமை அக்கா கடையில் அவருடைய கம்ப்யூட்டரிலேயே 8-3 வரைக்கும் ஓட்டிக் காட்டினேன். அவர் மகளும் இருந்தாள். "இது நீங்க விளையாடுறதா, மிஷின் விளையாடுறதா?" என்று அக்கா கேட்டார். இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது எனக்கு முக்கியம். 2003-இல் மோரிமோட்டோ என்ற ஜப்பானியர் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3-ஐ 11 நிமிடத்தில் முடிக்கும் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியபோது, பலர் அதை ஒரே மூச்சில் கையால் ஆடியது என்று நம்பினார்கள். கருவி வைத்துச் செய்தது என்று தெரிந்ததும் கோபப்பட்டார்கள். அதனால் நான் எதைக் காட்டினாலும் முதலிலேயே சொல்லிவிடுவேன். அக்காவிடம் இப்படிச் சொன்னேன்: நான் ஸ்வரம் எழுதுகிறேன் அக்கா, மிஷின் வாசிக்கிறது. கையால் வாசிக்கிறவர்கள் வேறு, அவர்கள் பெரியவர்கள். 2021-இல் நிஃப்ட்ஸ்கி என்பவர் இதே விளையாட்டில் இடையிலுள்ள உலகங்களைத் தாண்டிப் போகும் குறுக்குவழி ஆட்டத்தை 4 நிமிடம் 55 வினாடிக்குள் கையாலேயே முடித்தார். ஃபிரேம் ஃபிரேமாக இப்படி எழுதிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்த எத்தனையோ நுணுக்கங்களைக் கையால் ஆடுகிறவர்கள் வருடக்கணக்கில் பழகி எடுக்கிறார்கள். என் எழுத்தில் ஒரு வரியாவது அப்படி ஒருவருக்குப் பயன்பட்டால் போதும்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அந்தத் தாள்ல இருந்தது பாட்டு" என்றார்.

இனி மூன்று இடத்தில் பிரதி வைப்பேன். அதோடு ஒவ்வொரு உலகம் முடிந்ததும் தாளில் எடுப்பேன், அதே கடையில். முழுக் கோப்பையும் இந்த வாரமே எல்லாருக்கும் பொதுவில் போட்டுவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்து, என்னுடையதைவிட ஒரு பஸ் முன்னால் பிடிக்கட்டும். மதுரையில் இதைக் கற்றுக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாம், லேப்டாப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா, 46 தாளையும் நாளைக்குத் திருப்பிக் கொண்டுவருகிறேன், உங்கள் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த 31-ஐ மட்டும் நான் வைத்துக்கொள்ளலாமா? பின்பக்கம் பாப்பா போட்ட வகுத்தல் கணக்கு இருக்கிறது, ஏழும் சரி. வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தை ஒரு செராக்ஸ் எடுத்து அவள் நோட்டில் வைத்துவிடுகிறேன்.