வெப்பமண்டல மருத்துவ வரலாறு எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

உங்க பாடத்துல எல்லாம் வருது. 1897ல பாட்ரிக் மான்சன்கிற டாக்டர் பிரிட்டிஷ் அரசோட காலனி ஆபீஸுக்கு மருத்துவ ஆலோசகரா வந்தது, 1899ல லண்டன்ல வெப்பமண்டல நோய்ங்க வைத்தியத்துக்குன்னே ஒரு ஸ்கூல் திறந்தது, 1902ல மேற்கு ஆப்பிரிக்க காலனிகளோட டாக்டர்களை ஒண்ணா சேர்த்து வெஸ்ட் ஆப்பிரிக்கன் மெடிக்கல் சர்வீஸ்னு ஆக்கினது. ஆனா அந்த சர்வீஸுக்கு ஆள் எடுக்க வச்ச கண்டிஷன மட்டும் ஏன் விட்டுடுறீங்க? ஐரோப்பிய பெத்தவங்களுக்குப் பொறந்தவங்கதான் அப்ளை பண்ணலாம். படிப்பு, அனுபவம் எல்லாம் அதுக்கு அப்புறந்தான்.

அங்க தகுதியான ஆளே இல்லாமயா போச்சு? சியரா லியோன்ல பொறந்த ஆப்பிரிக்கானஸ் ஹார்ட்டன் 1859லயே எடின்பரோவுல எம்.டி. வாங்கி பிரிட்டிஷ் ராணுவத்துல டாக்டரா இருந்தவர். ஃப்ரீடவுன்காரர் ஜான் ஃபாரல் ஈஸ்மன் 1893லேர்ந்து 1897 வரைக்கும் கோல்ட் கோஸ்ட்டுக்கே, அதாவது இன்னைக்கு கானா, தலைமை மருத்துவ அதிகாரி. மலேரியா முத்திப் போய் ஒண்ணுக்கு கறுப்பா போகுமே, அந்த பிளாக்வாட்டர் ஃபீவர் பத்தி 1884லயே தனி புத்தகம் போட்டவர். அவர் மகன் மக்கார்மக் ஈஸ்மன் லண்டன்ல படிச்சு 1912ல டாக்டராகி அதே சர்வீஸுக்கு அப்ளை பண்றார், ஆப்பிரிக்கர்னு சொல்லி திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பா ஒரு காலனியோட மருத்துவத்துக்கே தலைவரா இருந்தாரு, புள்ளைக்கு அந்த சர்வீஸ்ல கடைசி படியில நிக்கக்கூட இடம் இல்ல. இத படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

வேற வழியில்லாம எடுத்த சில ஆப்பிரிக்க டாக்டர்களையும் தனி லிஸ்ட்ல வச்சாங்க, சம்பளம் கம்மி, எத்தனை வருஷம் சர்வீஸ் இருந்தாலும் நேத்து கப்பல்ல வந்து இறங்கின வெள்ளைக்கார டாக்டருக்குக் கீழதான். வெள்ளைக்கார ஆபீஸருங்க, அவங்க வீட்டு பொம்பளைங்க எல்லாம் கறுப்பு டாக்டர்கிட்ட உடம்ப காட்ட மாட்டாங்கன்னு இதுக்கு ஒரு காரணம் வேற சொன்னாங்க. ஊர்ல இருந்த ஆப்பிரிக்க ஜனங்களுக்கு யார் வைத்தியம் பாத்தா நல்லதுன்னு யோசிச்சிருந்தா அந்த பாஷை தெரிஞ்ச டாக்டரை ஓரமா உக்கார வச்சிருப்பாங்களா?

வெள்ளைக்காரனோட கல்லறைன்னு பேர் வாங்கின மேற்கு ஆப்பிரிக்காவுக்கு பிரிட்டன்லேர்ந்து டாக்டருங்க வர பயந்தாங்கன்னு நீங்க பக்கம் பக்கமா எழுதுறீங்க, நிஜந்தான். ஆனா வரத் தயாரா நின்னவங்கள வாசல்லயே நிறுத்தினதையும் அதே பக்கத்துல எழுதுங்க. அடுத்த பதிப்புல 1902ன்னு போடுற இடத்துல அந்த கண்டிஷனையும் சேத்துப் போடுங்க, பிளாக்வாட்டர் ஃபீவர்னு வர்ற இடத்துல ஈஸ்மன் பேரையும் போடுங்க.

இப்படிக்கு,
உங்க புத்தகத்த வரி விடாம படிச்ச ஒருத்தன்