முன்னால் வந்த பருப்பு முன்னால் போகட்டும்

விருதுநகர்,
ஆடி மாதம், ஞாயிறு இரவு

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நேற்று நீ போனில் பேசியதில் இருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. வண்டு வைத்த இரண்டு கிலோ துவரம் பருப்பைக் குப்பையில் கொட்டினேன் என்று சொல்லும்போது உன் குரல் கம்மிப்போனது. பணம் போனதற்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். நம் வீட்டில் பருப்பைக் குப்பையில் கொட்டி நீ பார்த்ததே இல்லை. அப்புறம் நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். 24 டப்பாக்கள், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மூடி, 3,800 ரூபாய். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாதம் அதை வாங்காதே. ஏன் சொல்கிறேன் என்பதைப் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

டப்பா சரியில்லாததால் வண்டு வந்தது என்று நினைக்கிறாய். வெளியில் இருந்து டப்பாவுக்குள் வண்டு நுழைவதைவிட, பருப்போடு சேர்ந்தே அது வீட்டுக்குள் வருவதுதான் அதிகம். விளைகிற காட்டிலோ மில்லிலோ குடோனிலோ முட்டை ஒட்டிக்கொள்ளும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. சூடும் ஈரமும் தோதாக அமைந்தால் ஒரு மாதம் போல ஆகும், புழுவாகி வண்டாகி வெளியே வந்துவிடும். இறுக்கமான டப்பாவில் போட்டால் அந்த வண்டு பக்கத்து டப்பாவுக்குப் போகாது. அந்த அளவுக்கு நல்லதுதான். ஆனால் உள்ளே இருக்கிற பருப்பு கெடத்தான் செய்யும். காய்ந்த பருப்பாகப் பார்த்து, அளவாக வாங்கி, கெடுவதற்குள் தீர்த்துவிடுவதுதான் வழி.

நீயும் உன்னோடு இருக்கிற பெண்ணும் வாரத்தில் மூன்று நாள் சாம்பார், ஒரு நாள் ரசம் வைக்கிறீர்கள். அதற்கு மாதம் ஒரு கிலோ தாராளம். சலுகை விலை என்று ஐந்து கிலோ வாங்கினாய். மூன்று கிலோ சமைத்தீர்கள், இரண்டு கிலோ குப்பைக்குப் போனது. அந்த இரண்டு கிலோவின் விலையையும் சமைத்த மூன்று கிலோ மேல் ஏற்றிக் கணக்குப் போட்டுப் பார். மாதம் ஒரு கிலோ வாங்கியிருந்தால் குறைவாகத்தான் ஆகியிருக்கும்.

உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இதே தவறை நான் மூட்டைக் கணக்கில் செய்திருக்கிறேன். 1994 ஐப்பசி, நான் மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். சாயங்காலம் லாரி வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. சீக்கிரம் இறக்க வேண்டும் என்று புதுத் துவரம் பருப்பு மூட்டைகளை வாசல் பக்கமே அடுக்கிவிட்டேன். ஏற்கெனவே இருந்த மூன்று மூட்டைகள் பின்னால் சுவரோடு ஒட்டி மாட்டிக்கொண்டன. முன்னால் இருப்பதைத்தான் தினமும் பிரித்து விற்றோம். தை மாதம் பின்னால் போய்ப் பார்த்தால் அந்த மூன்று மூட்டைகளின் அடியிலும் மாவாக உதிர்ந்து கிடந்தது. கையை விட்டால் வண்டு ஊர்ந்தது. சுவர் ஈரம் வேறு. கடை முதலாளி அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து சலித்துப் புடைக்கச் சொன்னார். தேறியதைத் தனியாக வைத்தோம், மீதி மாட்டுக்குப் போனது. மூன்றாம் நாள் ஒரு சாக்பீஸைக் கையில் கொடுத்து, “இனி மூட்டை இறங்கினதும் தேதி எழுது. முன்னால் வந்தது முன்னால் போகணும்” என்றார். அதற்குப் பிறகு 30 வருடம் நான் தேதி எழுதாமல் ஒரு மூட்டையையும் உள்ளே விட்டதில்லை. சுவரில் இருந்து ஓரடி தள்ளி, கீழே பலகை போட்டுத்தான் அடுக்குவோம்.

உன் சமையலறைக்கும் அதேதான். வருகிற சனிக்கிழமை கடப்பாக்கல் தட்டுகளில் இருக்கிற அத்தனையையும் கீழே இறக்கு. ஒன்றையும் விடாதே. கூடத்தில் பழைய பெட்ஷீட்டை விரித்து அதன்மேல் பரப்பி வை. பருப்பு ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம், மசாலா ஒரு பக்கம். அப்போதுதான் மஞ்சள் தூள் மூன்று பாக்கெட் பிரித்துக் கிடப்பது தெரியும். ஏலக்காய் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பாய், சேமியாவுக்குப் பின்னால் இருக்கும். உன் அம்மா மாதக் கடைசியில் இதைத்தான் செய்தாள். என் சம்பளத்தில் நான்கு பேர் சாப்பிட்டது அந்த ஒரு வேலையால்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அடுக்கை இறக்கிப் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டியதைச் சிட்டையில் எழுதுவாள். இருக்கிற பொருளைத் திரும்ப வாங்கியதே கிடையாது.

நமக்கு அப்போது டப்பா ஏது? கடையில் காலியாகிற 15 கிலோ எண்ணெய் டின்களை அண்ணாச்சி சும்மா கொடுப்பார். தகர வேலை செய்கிறவரிடம் மேல் பக்கத்தை வெட்டி மூடி போட்டு வாங்கினோம். அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, சீயக்காய் போட்டுத் தேய்த்து, எண்ணெய் வாடை போகும்வரை நான்கு நாள் வெயிலில் வைத்தாள். நீ பிறப்பதற்கு முன்னால் இருந்து அரிசி அதில்தான். இன்னும் இருக்கிறது.

உன்னிடம் இப்போதே காபித்தூள் பாட்டில், ஜாம் பாட்டில், ஊறுகாய் பாட்டில் எல்லாம் இருக்கின்றன. தூக்கிப் போடாதே. வெந்நீரில் ஊறவைத்தால் லேபிள் வந்துவிடும், பிசின் போகாவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவித் துடை. ஊறுகாய் வாடை மூடியில்தான் தங்கும். சமையல் சோடாவைக் கரைத்து ஒரு ராத்திரி ஊறப்போட்டு வெயிலில் காயவை. கடுகு, வெந்தயம், மிளகு, பொட்டுக்கடலைக்கு அவை போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணாடியில் தெரியும், அதுவே பெரிய வசதி.

வாங்க வேண்டியது இவ்வளவுதான். பத்து கிலோ அரிசி கொள்கிற, மூடி இறுக்கமான ஒரு டிரம். ஒன்றரை லிட்டர் டப்பா நான்கு. ஒரு பேப்பர் டேப், ஒரு மார்க்கர் பேனா. பாத்திரக் கடையில் பேசி வாங்கினால் 800 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஏன் ஒன்றரை லிட்டர் என்று கேட்பாய். ஒரு லிட்டர் டப்பாவில் ஒரு கிலோ பருப்பு கொள்ளாது. கால் கிலோ போல வெளியே நிற்கும். அந்த மீதிதான் ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட்டாக மூலையில் கிடந்து வண்டு வைக்கும். நீ அனுப்பிய படத்தில் முக்கால்வாசி ஒரு லிட்டரும் அதற்குச் சிறியதும்தான். உன் வீட்டில் ஒரு கிலோவாக வாங்குகிற பருப்புக்கு அது பொருந்தாது. முழு மல்லி இன்னும் இடம் பிடிக்கும், கால் கிலோவே ஒரு லிட்டர் டப்பாவை முக்கால்வாசி நிரப்பிவிடும். ஒன்று மட்டும் கவனம். பெயிண்ட் வாளி காலியாகக் கிடைக்கிறது என்று யாராவது அரிசி போட்டு வைக்கச் சொன்னால் செய்யாதே. எத்தனை முறை கழுவினாலும் அது சாப்பாட்டுக்கு ஆகாது.

டப்பாவில் டேப் ஒட்டி, வாங்கிய தேதியை எழுது. துவரம் பருப்பு என்று எழுத வேண்டியதில்லை, அது பார்த்தாலே தெரியும். தேதிதான் தெரியாது. புதுப் பாக்கெட் வந்தால் பழையதின் மேல் கொட்டாதே. நிறையப் பேர் செய்கிற தவறு அது. அடியில் இருக்கிற ஒரு பிடி பருப்பு ஆறு மாதமானாலும் அடியிலேயே கிடக்கும். பழையதை ஒரு கிண்ணத்தில் எடுத்துவிட்டு, டப்பாவை ஈரமில்லாத துணியால் துடைத்து, புதியதைக் கீழே போட்டுப் பழையதை மேலே போடு. இரண்டு நிமிடம் ஆகுமா?

தட்டில் வைக்கும்போது கனமானது கீழே, தினமும் எடுப்பது கண்ணுக்கு நேராக, மாதத்துக்கு ஒரு தடவை எடுப்பது மேலே. அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற தட்டில் எண்ணெய், மிளகாய்த் தூள், தேங்காய் எதுவும் வேண்டாம். அந்தச் சூட்டில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், தூள் நிறம் மங்கும். அங்கே தட்டு, தம்ளர் வை. சிங்க்குக்குக் கீழே சாப்பிடுகிற பொருளே கூடாது. சோப்பு, பினாயில் அங்கே இருக்கட்டும். கடையில் நாங்கள் சோப்பையும் தேயிலையையும் ஒரே தட்டில் வைக்க மாட்டோம், தேயிலை வாடையை இழுத்துக்கொள்ளும். அரிசியும் அப்படித்தான். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதே. இரண்டுக்கும் காற்று வேண்டும், கிழங்குக்கு இருட்டும் வேண்டும்.

இப்போது பெங்களூரில் வெயில் வராத மாதம். இங்கே என்றால் மொட்டை மாடியில் ஒரு நாள் போட்டால் போதும். அங்கே பருப்பை வெறும் சட்டியில், சிறு தீயில், கை பொறுக்கிற சூடு வரும்வரை புரட்டு. சிவக்க வேண்டாம். ரவையையும் அப்படியே. நன்றாக ஆறிய பிறகுதான் மூட வேண்டும், சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கோதுமை மாவு, கடலை மாவு வாங்கி வந்ததும் பாக்கெட்டோடு ஃப்ரீசரில் நான்கு நாள் வை. முட்டை இருந்தாலும் செத்துப்போகும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதே, குளிர் விடட்டும். அரிசியில் வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து போடு. வேப்பிலை போடுவதாக இருந்தால் சருகாகக் காய்ந்ததைப் போடு, பச்சையாகப் போட்டால் ஈரம் ஏறும். உப்பையும் புளியையும் எவர்சில்வரில், தகரத்தில் வைக்காதே. கண்ணாடி இல்லையென்றால் ஜாடி.

உன் அப்பத்தா காட்டில் விளைந்த துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்துத்தான் உடைப்பாள். செம்மண்ணைக் குழைத்துத் துவரைமேல் பூசி, வெயிலில் உலர்த்தி, திரிகையில் போடுவாள். அந்தப் பருப்பில் வைத்த குழம்பின் மணம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. நீ இருக்கிற மாநிலத்தில் கலபுரகி பக்கம் விளைகிற துவரைக்கு நல்ல பெயர். 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாதம் ஒரு கிலோதானே, கொஞ்சம் விலை கூடினாலும் அதைக் கேட்டு வாங்கு. மட்டமான பருப்பை மொத்தமாக வாங்குவதைவிட நல்லதைக் கொஞ்சமாக வாங்குவது மேல் என்பது என் எண்ணம். அம்மா இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் கணக்கு வேறு.

வருடத்துக்குச் சேர்த்து வாங்க வேண்டியவை புளியும் மிளகாயும்தான். மாசி, பங்குனியில் புதுசு வரும், விலையும் இறங்கும். அவற்றை நான் இங்கிருந்தே அனுப்பிவிடுகிறேன், நீ அங்கே பாக்கெட்டில் வாங்காதே. மசாலாத் தூளில் மட்டும் 50 கிராம் பாக்கெட்டே வாங்கு. பெரிய பாக்கெட்டில் மிச்சம் பிடிப்பதைவிட வாசனை போவதுதான் அதிகம். கடையில் எதையும் பாக்கெட் விலையைப் பார்த்து எடுக்காதே. கிலோவுக்கு எவ்வளவு என்று போனில் கணக்குப் போட்டுப் பார், பெரிய பாக்கெட் எப்போதும் மலிவாக இருப்பதில்லை.

தட்டு ஓரத்தில் ஒரு ஆணியில் சின்ன நோட்டையும் பென்சிலையும் கட்டித் தொங்கவிடு. எது கால் டப்பாவுக்கு வந்தாலும் அப்போதே எழுது. சம்பளம் வந்ததும் அந்தச் சிட்டையோடு கடைக்குப் போ. அதில் இல்லாததை வாங்கத் தோன்றினால் அடுத்த மாதச் சிட்டையில் எழுதிக்கொள். இரண்டு மாதம் இப்படி நடத்திப் பார். அதற்குப் பிறகும் அந்த 24 டப்பா வேண்டும் என்று தோன்றினால் நானே பணம் அனுப்புகிறேன்.

நாளை இரவு பஸ்ஸில் ஒரு அட்டைப்பெட்டி போட்டுவிடுகிறேன். மடிவாளாவில் காலை ஆறு மணிபோல வரும், கூலி இங்கேயே கொடுத்துவிடுகிறேன். பங்குனியில் வாங்கி அம்மா கொட்டையும் கோதும் எடுத்து, கல்லுப்புப் போட்டு அமுக்கிய புளி இரண்டு கிலோ, ஜாடியோடு. ராமநாதபுரம் முண்டு மிளகாய் அரைக் கிலோ. வசம்பு நான்கு துண்டு. அம்மாவின் பழைய அஞ்சறைப்பெட்டியையும் வைத்திருக்கிறேன். மூடி நசுங்கியிருந்தது, தட்டி நேராக்கிவிட்டேன். ஜாடி உடையாமல் இருக்க உன் பள்ளிக்கூடத் தாவணியைச் சுற்றியிருக்கிறோம். தாவணியை அம்மா திரும்பக் கேட்கிறாள், தீபாவளிக்கு வரும்போது எடுத்து வா.

அன்புடன்,
அப்பா