சிவப்பா, பச்சையா என்று இங்கே யாரும் கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உணவகப் பக்கத்தில், 'அமெரிக்காவில் எந்த ஊருக்குப் போனாலும் அசல் மெக்சிகன் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை' என்று ஒரு வரி வந்திருந்தது. பஞ்சமில்லைதான். உருக்கிய மஞ்சள் சீஸும், மொறுமொறுப்பான டாக்கோ ஓடும், கை ஓயும்வரை தூவிய சீரகப் பொடியும்தான் மெக்சிகோ என்றால், நான் வசிக்கும் இந்த மாசசூசெட்ஸ் சிற்றூரில் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் அது கிடைக்கிறது.

நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கியில் பல ஆண்டுகள் குடித்தனம் நடத்திவிட்டு இங்கே வந்து சேர்ந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அங்கே ஆகஸ்ட் கடைசியில் மளிகைக் கடை வாசல்களில் கம்பிவலைப் பீப்பாய்களைச் சுழலவிட்டு, எரிவாயுத் தீயில் ஹாட்ச் பள்ளத்தாக்கின் பச்சை மிளகாயை மூட்டை மூட்டையாகச் சுட்டுத் தருவார்கள். அதைத் தோலுரித்துப் பைகளில் போட்டு உறையவைத்து, அடுத்த விளைச்சல் வரை வைத்துக்கொள்வது அவ்வூர் வீடுகளின் வழக்கம். உணவகத்தில் உட்கார்ந்தால், மிளகாய்க் குழம்பு சிவப்பா, பச்சையா என்று கேட்பார்கள். அதையே அம்மாநிலம் தன் அதிகாரப்பூர்வக் கேள்வியாக ஏற்றுக்கொண்டிருப்பதும், அங்கு விளையாத மிளகாயை நியூ மெக்சிகோ மிளகாய் என்று விற்கக் கூடாதெனச் சட்டம் இயற்றியிருப்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. இங்கோ, அம்மாநிலத் தலைநகரின் பெயரால் 'சான்டா ஃபே பாணி' என்று வாசலில் எழுதிவைத்திருக்கும் ஓர் உணவகத்தில் நானாகவே பச்சை என்று சொன்னபோது, வதக்கிய குடைமிளகாயைக் கொண்டுவந்து வைத்தார்கள். இங்குள்ளவர்களுக்குக் காரம் ஆகாது என்ற விளக்கம் வேறு. தங்கள் பக்கம் தாராளமாகப் புகழ்ந்திருந்த உணவகம்தான் அது.

அங்கு மோலே என்ற பெயரில் வந்த சாக்லேட் குழம்பைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. மோலே என்பது மிளகாயை அரைத்துச் செய்யும் கெட்டிக் குழம்பு; தென் மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்துக் கறுப்பு மோலேயில் சாக்லேட் சிறிதளவே சேரும். அந்தக் கறுப்பு, காய்ந்த மிளகாயைக் கருகும்வரை வறுப்பதால் வருவது. வடக்கே சொனோராவில், டார்ட்டியா என்னும் தட்டை ரொட்டியைக் கோதுமையில் சுடுவார்கள். தென்கிழக்கே யூகடானில் அச்சியோட்டே என்னும் சிவப்பு விதையும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் தடவிய பன்றி இறைச்சியை வாழையிலையில் பொதிந்து மண்குழியில் வேகவைப்பார்கள். மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோதுகூட, மிச்சோவகான் என்ற ஒரு வட்டாரத்தை முன்மாதிரியாகக் காட்டியே சேர்த்தது. தங்கள் விமர்சகருக்கு மட்டும் எல்லாம் ஒரே தட்டு.

இது இன்று தொடங்கியதும் அல்ல. முன்பொரு முறை தாங்கள் வெளியிட்ட, பொசோலே என்னும் மெக்சிகன் சோளச் சூப்பின் செய்முறையில், டப்பாவில் வரும் இனிப்புச் சோளத்தைப் போடச் சொல்லியிருந்தது. பொசோலேக்கு உரியது சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோல் கழற்றிய மக்காச்சோளம். இந்தச் சுண்ணாம்புப் பக்குவத்தைக் கற்றுக்கொள்ளாமல் சோளத்தை மட்டும் கொண்டுபோன தென் ஐரோப்பாவில், சோளத்தில் சுண்ணாம்பு விடுவித்துத் தரும் நியாசின் என்ற வைட்டமின் கிடைக்காமல், அதையே நம்பி உண்ட ஏழைகளைப் பெலாக்ரா என்னும் சத்துக்குறைவு நோய் வாட்டியது வரலாறு. அப்போதே இதை விளக்கி எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை, இடமின்மை காரணமாக இருக்கலாம். அம்மாதம் ராசிபலன் வழக்கத்தைவிட நீளமாகவே வந்திருந்தது.

'கறிப்பொடி' என்று ஒரே டப்பியில் நம் சமையல் அனைத்தையும் அடைத்து விற்கிறார்களே என்று, தங்கள் தலையங்கம் ஒருமுறை கொதித்ததை நான் வெட்டி வைத்திருக்கிறேன். மிளகாயையே அந்த மண்ணிலிருந்து, போர்த்துக்கீசியர் வழியாகப் பெற்றுக்கொண்ட நாம், அதை நமக்குத் தந்தவர்களின் சமையலுக்கு அதே டப்பியைத்தான் நீட்டுகிறோம்.

நான் கேட்பது பெரிதல்ல. இனி மெக்சிகன் உணவகம் எதைப் பற்றி எழுதினாலும், அது எந்த வட்டாரத்துச் சமையல் என்பதையும், டார்ட்டியா அங்கேயே சோள மாவைப் பிசைந்து சுடப்படுகிறதா, பொட்டலம் பிரித்துச் சூடாக்கப்படுகிறதா என்பதையும் கடைசியில் ஒரு வரியாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் விசாரித்தாலே தெரிந்துவிடும். பொசோலே செய்முறைக்கான திருத்தத்தையும், ராசிபலனுக்கு இடையூறு இல்லாத ஒரு மாதத்தில், வெளியிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மாசசூசெட்ஸ்