பாலைவனத்துக்குக் குளிர்ச்சட்டை

சுங்கை சிப்புட்,
பொங்கல் கழிந்த வாரம்

அன்பு சரசு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படித்தான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ சர்க்கரை அளவை மழுப்பாமல் சொல்லும்வரை உன் "நல்லாத்தான் இருக்கேன்"ஐ நான் நம்புவதாயில்லை.

நாம் ஏப்ரலில் அமெரிக்கப் பாலைவனப் பக்கம் போக உன் மகன் போட்ட பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பிவிட்டு, "பார்த்துட்டுச் சரின்னு சொல்லு" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். சரி இல்லை. போனில் சொன்னால் நீ பாதியில் மடக்கிவிடுவாய், அதனால்தான் காகிதமும் பேனாவும். பசியாறிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசிவரை படி.

ஊர்க்கதையை முதலில் முடித்துவிடுகிறேன். மண்டோர் வீட்டுச் சின்னவளுக்குப் பெண் பிறந்திருக்கிறது, அப்படியே பாட்டி முகம். ஆற்றோரச் செம்பனையை வெட்டிவிட்டார்கள், வீட்டுமனைக்கு என்கிறார்கள். கிராணி வீட்டு அக்கா உன்னைக் கேட்டார். லூமுட் கதையை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, கவலைப்படாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "பாலைவனம்தானே, நாலு பருத்திச் சேலையும் ஒரு குடையும் போதும்" என்றாயே, அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. வரைபடத்தையும் உயரக் கணக்கையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நாட்டில் கிலோமீட்டரைப் பார்த்துப் பயணம் போடக்கூடாது சரசு, உயரத்தைப் பார்த்துப் போட வேண்டும்.

பள்ளியில் படிக்கும்போது கேமரன் மலைக்குப் போனோமே. தாப்பாவில் சட்டை முதுகோடு ஒட்ட பஸ் ஏறினோம், தானா ராத்தாவில் பல் கிட்டிக்க இறங்கினோம். அதேதான், ஆனால் இரண்டு மடங்கு. தானா ராத்தா 1,440 மீட்டர். உன் மகன் போட்ட வழியில் டெத் வேலி என்ற பள்ளத்தாக்கின் அடித்தளமான பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. பிரைஸ் கேன்யன் பூங்காவில் சாலை முடியும் இடமோ 2,770 மீட்டருக்கும் மேலே. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கப்போகிறோம். ஏப்ரலில் டெத் வேலியில் பகல் சராசரியே 32 டிகிரிக்கு மேல். அதே ஏப்ரலில் பிரைஸில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும், பனியும் விழலாம். கீழே இருக்கும் ஃபீனிக்ஸ் நகரிலிருந்து மலைமேல் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபுக்கு இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த நேரத்துக்குள் கை தூக்கி நிற்கும் சகுவாரோ கள்ளிகள் முடிந்து, ஊசியிலைக் காடு வந்துவிடும். சகுவாரோவுக்கு நீடித்த உறைபனி ஆகாது, அதனால் ஓர் உயரத்துக்கு மேல் அது முளைப்பதே இல்லை. கள்ளிக்குத் தெரிந்தது உனக்குத் தெரிய வேண்டாமா?

உன் மகன் என்ன செய்திருக்கிறான்? ஏப்ரல் முதல் வாரமே ஃபீனிக்ஸிலிருந்து நேரே மேலே ஏறி, கிராண்ட் கேன்யன், மானுமென்ட் வேலி, பேஜ், பிரைஸ், சயான், லாஸ் வேகாஸ் என்று சுற்றி, மாதக் கடைசியில் டெத் வேலியில் இறக்குகிறான். குளிர் அதிகமான வாரத்தில் குளிரிடம், வெயில் ஏறும் வாரத்தில் வெயிலிடம். மே மாதத்தில் பகல் சராசரி 38 டிகிரியைத் தொடும் இடம் அது. 1913 ஜூலை 10 அன்று அங்கே 56.7 டிகிரி பதிவாயிற்று. உலகத்துச் சாதனை அது. பையன் நல்ல பையன்தான். ஆனால் அவனுக்கு முப்பது வயசு, எந்த வெயிலையும் தாங்குவான்.

வழியைத் திருப்பச் சொல். அதே சுற்று, அதே தூரம், ஆனால் தலைகீழாக. முதலில் லாஸ் வேகாஸ் பக்கம் போய், ஏப்ரல் தொடக்கத்திலேயே டெத் வேலியைப் பார்த்துவிடுவோம். பிறகு சயான், பிரைஸ், பேஜ், மானுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன். ஃபிளாக்ஸ்டாஃபில் ஓர் இரவு தங்கி, கீழே இறங்கினால் ஃபீனிக்ஸ். நாம் மேலே போகப் போக மேலே குளிர் குறைந்துகொண்டே வரும். வெயில் கீழே நமக்குப் பின்னால் ஏறட்டும்.

முன்னாடியே போவதில் இன்னொரு லாபமும் உண்டு. குளிர்காலத்தில் நல்ல மழை பெய்திருந்தால் டெத் வேலியின் தாழ்வான இடங்களில் ஏப்ரல் நடுவரை பூ இருக்கும். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடா மலைகளில் ஏறும்போதே மழையை இறக்கிவிடுகிறது; மறுபக்கம் வருவது வறண்ட காற்று. ஆண்டு முழுக்கவே அங்கே 50 மில்லிமீட்டர் அளவுதான் மழை. மலை மறைத்து மழை குறைவது உன் ஜெலுபுக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் தீபகற்பத்திலேயே மழை குறைந்த மாவட்டமான உன் ஊர், அந்தப் பள்ளத்தாக்குக்குச் சொர்க்கம். அங்கே விதைகள் மண்ணுக்குள் வருஷக்கணக்காய்க் காத்துக் கிடக்கின்றன. 2005இலும் 2016இலும் மழை வாய்த்தது, தரையெல்லாம் மஞ்சள் பூ. நமக்கு அப்படி வாய்க்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பாறையிடுக்கில் நாலு பூ இருந்தாலும் எனக்குப் போதும்.

இப்போது உன் ஊசி மருந்து. இதை நான் தோழியாய் மட்டும் எழுதவில்லை, அத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் தாதியாய் நின்றவள் எழுதுகிறேன்.

இன்சுலினுக்கு வெயிலும் ஆகாது, உறைபனியும் ஆகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கெட்டுப்போகும். பார்க்க நன்றாய்த்தான் இருக்கும், வேலை செய்யாது. ஒருமுறை உறைந்துவிட்டால், உருகின பிறகும் அதைப் போடக்கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான். நம் வழியில் இரண்டு ஆபத்தும் இருக்கிறது. அதனால் விமானத்தில் அது உன் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல. பகலில் காரை விட்டு இறங்கும்போதெல்லாம் உன் தோளில் தொங்க வேண்டும். பிரைஸில் இரவு காருக்குள் விடவும் கூடாது, ஜன்னலோரம் வைக்கவும் கூடாது. தண்ணீரில் நனைத்தால் குளிரும் துணிப்பை ஒன்று விற்கிறார்கள், வாங்கித் தருகிறேன். நம் ஊர் ஈரக்காற்றில் அது சுமாராய்த்தான் குளிரும். அந்த வறண்ட காற்றில் தண்ணீர் விறுவிறுவென்று ஆவியாகும், அதனால் நன்றாய் வேலை செய்யும்.

அதே காரணத்தால்தான் எனக்கு உன்னைப் பற்றிப் பயமும். இங்கே வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் உடம்பு நனைந்துவிடும், நமக்கே தெரியும். அங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், சேலை உலர்ந்தே இருக்கும். வியர்க்கவில்லையே, தாகமில்லையே என்று நீ உட்கார்ந்திருப்பாய், உடம்பில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும். டெத் வேலி பூங்காக்காரர்களே ஒரு நாளைக்கு ஒருவருக்கு நாலு லிட்டராவது வேண்டும் என்கிறார்கள். வெப்பத்தில் இன்சுலின் உடம்பில் சீக்கிரம் ஏறும், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அதனால் தண்ணீரோடு கடிக்க இனிப்பும் கையிலேயே இருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் பெரும்பாலான இடத்தில் போன் எடுக்காது. அங்கே நீ மயங்கினால் நான் யாரைக் கூப்பிடுவது? உன் வீட்டுக்காரரை இழந்த வருஷம் நீ எனக்குத் தந்த வாக்கு நினைவிருக்கிறதா? அதை இங்கே எழுத மாட்டேன். உனக்குத் தெரியும்.

போதும், திட்டிவிட்டேன்.

பேரனின் ஆகஸ்ட் விடுமுறைக்குத் தள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் சரசு. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர்வரை அங்கே புயல்மழைக் காலம். ஆன்டிலோப் கேன்யன் என்று ஒரு குறுகிய பாறையிடுக்கு, படத்தில் பார்த்து நீயே வாய் பிளந்தாயே. 1997 ஆகஸ்ட் 12 அன்று அதற்குள் 11 பேர் வெள்ளத்தில் போய்விட்டார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி; தண்ணீர் பாறை வழியாய் ஓடி வந்து சேர்ந்தது. இப்போது அந்த மண்ணின் பூர்வகுடிகளான நவாஹோ மக்களின் வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடுவதில்லை. நமக்கு ஏப்ரல்தான்.

மானுமென்ட் வேலியை விட்டுவிடலாம், மண்ணும் பாறையும்தானே என்றாயாம். அதை மட்டும் நான் விட்டுத்தர மாட்டேன். அது நவாஹோ மக்களின் நிலம், அவர்களே நடத்தும் பூங்கா. 1864இல் அமெரிக்கப் படை அவர்களை ஊரைவிட்டுக் கிளப்பி, 300 மைலுக்கு மேல் நடக்கவைத்து, போஸ்க் ரெடோண்டோ என்ற இடத்தில் அடைத்தது. வழியிலும் அங்கேயும் எத்தனையோ பேர் செத்தார்கள். 1868 ஜூனில் ஒப்பந்தம் எழுதி, வேறு எங்கேயும் போகாமல் சொந்த மண்ணுக்கே திரும்பினார்கள். அவர்களுக்குக் குலம் தாய்வழியில்தான். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் தோட்டம் கைமாறினபோது லயத்து ஜனம் ஆளுக்கொரு பட்டணமாய்ப் போனதே, உன் அம்மா கறிவேப்பிலைச் செடியைப் பிடுங்கி வாளியில் வைத்துக்கொண்டு லாரி ஏறினதே, அதெல்லாம் வந்து நின்றது. திரும்பிப் போக முடிந்த ஒரு ஜனத்தை நான் கண்ணால் பார்க்க வேண்டும். அந்தப் பெண்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். நீயும் கூட இருக்க வேண்டும்.

மீதி எல்லாம் சில்லறை. கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பைத் திட்டத்திலிருந்து அடிக்கச் சொல். மே நடுவரை அந்தச் சாலை மூடியிருக்கும், அங்கிருந்த பழைய விடுதியும் 2025 ஜூலையில் காட்டுத்தீயில் எரிந்துபோயிற்று. தெற்கு விளிம்பு போதும், அதுவே 2,100 மீட்டர் உயரம். கடிகாரம் ஒரு தலைவலி: யூட்டாவிலும் நவாஹோ நிலத்திலும் கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள், மற்ற அரிசோனா தள்ளுவதில்லை. எல்லைப் பக்கம் போன் மாற்றி மாற்றிக் காட்டுமாம். உன் ஊசி நேரத்தை நான் என் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்கிறேன். 2026 முதல் வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள், ஆண்டுச் சீட்டே 250 டாலர். நம் வெள்ளியில் கணக்குப் போட்டால் வயிறு எரியும். ஆனாலும் பூங்காவுக்குப் பூங்கா தனியாய்க் கட்டுவதைவிட அது மேல்.

புழுதிக்காற்று அடித்தால் என்ன செய்வது என்று உன் மகனைக் கேள். சாலையை விட்டு நன்றாய் ஒதுங்கி, விளக்கை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவன் அதைச் சாலை என்று நம்பி வந்து மோதுவான். அவன் சரியாய்ச் சொன்னால் அவன் ஓட்டுவதற்கு எனக்குச் சம்மதம். ஆனால் அவன் ஒருவனே அத்தனை தூரமும் ஓட்டக்கூடாது. நான் அனைத்துலக உரிமத்துக்கு எழுதிப் போடப்போகிறேன். வலப்பக்கம் ஓட்டப் பழகிக்கொள்வேன்.

நீ செய்ய வேண்டியது: அறை எடுப்பதற்கு முன்னாலேயே மகனிடம் வழியைத் திருப்பச் சொல். கிளினிக்கில் இன்சுலினுக்கும் ஊசிக்கும் டாக்டர் கடிதம் வாங்கு. ஒரு கனத்த குளிர்ச்சட்டை, உள்ளே போட ஒன்று, காலுறை, கையுறை. பருத்திச் சேலையும் எடுத்துவா, ஃபீனிக்ஸில் கட்டிக்கொள்ளலாம். விசா நேர்காணலுக்கு இருவரும் ஒரே நாள் கேட்போம். நான் ஈடிஎஸ் ரயிலில் வந்து கே.எல். சென்ட்ரலில் இறங்குகிறேன், நீ சிரம்பானிலிருந்து கொமுட்டரில் வந்துவிடு. தேதி கிடைத்ததும் அன்றே எழுது, நான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

உன்,
ராஜம்